கடைசியாகச் சிபி கேட்டது

எங்கள் காமு மதினிக்கு ஞாபகமறதி என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் முகத்துக்கு நேராகவே சிரித்திருப்பேன். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் எந்தக் குழந்தைக்கு என்றைக்குப் பிறந்தநாள், எந்த மாமிக்குக் கத்தரிக்காய் ஆகாது, போன பொங்கலுக்கு வாங்கிப்போன அண்டாவை யார் இன்னும் திருப்பித் தரவில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பொங்கலுக்குக் காலனி முழுக்கச் சாப்பிட வரும். ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் சாமான் சொல்லி, ஒரு கல் உப்பு கூடாமல் சமைத்து இறக்குவாள்.

கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தபோது அவளுக்குப் பெங்காலியில் ஒரு வார்த்தை தெரியாது. என் அண்ணன் விஸ்வநாதன் ஆபீஸ் ஃபைலுக்குள் தலையை விட்டால் சாயங்காலம்தான் வெளியே எடுப்பான், அவனை நம்பி என்ன பிரயோஜனம்? மதினி மீன் சந்தைக்குப் போய்ச் சண்டை போட்டே பாஷை கற்றுக்கொண்டாள். பிறகு அந்த மீன்காரர்களே அவளை ‘பௌதி’ என்று, அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு நல்ல மீனாக எடுத்து வைத்தார்கள்.

ஒரே பிள்ளை சிபி. தெருவில் சண்டை பெங்காலியில், வீட்டில் கொஞ்சல் தமிழில். காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். துர்கா பூஜைக்குப் பந்தல் கால் நட்டுக்கொண்டிருந்த சமயம் டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவைத் தவிர ஒருவரையும் பக்கத்தில் விடவில்லை. நானும் அண்ணனும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நாலைந்து நாளில் எல்லாம் முடிந்துபோனது. பாவிப்பயல், அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான்.

அதன் பிறகு மதினி படுக்கையை விட்டு எழவில்லை. குளிக்கவில்லை, தலை சீவவில்லை, அழக்கூட இல்லை. நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒரு நாள் தட்டைத் தூக்கித் தரையில் அடித்தேன். எதற்கும் அசையவில்லை. அண்ணன்தான் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனான். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள், குளித்தாள், எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். மாத்திரை இல்லாவிட்டால் பிள்ளைக்குப் பின்னாலேயே அவளும் போயிருப்பாள்.

ஆனால் அந்தக் காபியில் இரண்டு தடவை சர்க்கரை போட்டிருந்தாள். முதலில் நான் கேலி செய்தேன். பிறகு கிடர்பூர் பஸ்ஸில் பையை விட்டுவிட்டு வந்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். ஒரு நாள் என் மகள் மிருதுளாவை நிறுத்தி, “உம் பேரு என்னம்மா?” என்று கேட்டாள். தூக்கி வளர்த்த குழந்தையை! அதற்கு மேல் என்னால் கேலி செய்ய முடியவில்லை.

வருஷத் திதி நெருங்கியது. செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். என்னென்ன செய்யலாம் என்று கேட்கப் போனேன். மதினி முருங்கைக்கீரையை மடியில் போட்டுக்கொண்டு, ஆயாமல் உட்கார்ந்திருந்தாள்.

“கலா, அவன் கடைசியா எங்கிட்ட ஒண்ணு கேட்டாம்லா? திங்கதுக்கு.”

“என்ன கேட்டான்?”

“அதான் வரமாட்டேங்கு. கேட்டது ஞாபகமிருக்கு, உதடு காஞ்சிருந்தது ஞாபகமிருக்கு. என்ன கேட்டான்னுதான் வரமாட்டேங்கு. நானும் எத்தன நாளா முட்டி மோதிப் பாக்கேன்.”

“பிரியாணியா இருக்கும் மதினி. அதுல கெடக்க உருளைக்கெழங்குக்காகவே உசிர விடுவான்.”

“இல்ல.”

“எக் ரோலு? புளிக்கொழம்பு?”

“நிறுத்து கலா. நீ சொல்லச் சொல்ல நானும் தலையாட்டிட்டேன்னா அது உன் ஞாபகமால்லா ஆயிரும்? அந்த ரூம்ல நானும் அவனும்தான இருந்தோம். நான் மறந்தா அவன் கேட்டதே இல்லன்னு ஆயிரும்.”

கீரையை என் மடிக்கு மாற்றிக்கொண்டு நான் ஆய்ந்தேன்.

அடுத்த வாரம் அண்ணன், இரண்டு கட்டிடம் தள்ளியிருந்த என் வீட்டுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தான். மதினி சமையலறையில் தலைசுற்றி விழுந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறதென்று சொன்னாள். மாத்திரை எங்கே என்று தேடினால், எல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

“மாத்திரைதான் எம்பிள்ளைய மறைக்கு. அத நிறுத்தினா வந்துருவான்னு நெனச்சேன்” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “உங்களையும் தூக்கிட்டுப் போயி எரிச்சுட்டு வரணுமா நாங்க?” என்று கத்திவிட்டேன். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

அவர் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு பெங்காலியில் பேசினார். திடீரென்று நிறுத்தியதால்தான் இந்தத் தலைசுற்றலும் கரண்ட்டும் என்றார். மறதி மாத்திரையாலும் இருக்கலாம், இந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும். துக்கமும் அதே வேலையைச் செய்யும், எது என்று உடனே சொல்ல முடியாது. மெதுவாக வேறு மருந்துக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றார். பிறகு, “மறதியை ஏன் தீதி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டார்.

“சொல்லணும்னு நெனச்சுக்கிட்டேதான் வருவேன். வந்து ஒக்காந்ததும் மறந்துரும்” என்றாள் மதினி.

சிரிக்கவா அழவா?

திதி வந்தது. வெளியே துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. வடை, பாயசம், புளிக்குழம்பு, அண்ணன் வாங்கி வந்த பிரியாணி எல்லாம் இலையில் வைத்தோம். வலது ஓரத்தில் கையகலம் இடத்தை விட்டுவிட்டு, “இதுல ஒண்ணும் வைக்காத, அவன் கேட்டதுக்கு” என்றாள் மதினி. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் கும்பிட்டோம்.

குளிர் இறங்கிய மாதத்தில் ஒரு மத்தியானம் அது நடந்தது. புது மருந்துக்கு மாறி மதினி கொஞ்சம் தெளிந்திருந்தாள். மிருதுளாவுக்கு இடுப்புவலி என்று நான் தொலி உளுந்தை வாணலியில் வறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த மதினி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போனது.

“உளுந்தஞ்சோறு” என்றாள்.

நான் அடுப்பை அணைத்தேன்.

“உளுந்தஞ்சோறு பண்ணிக் கொண்டுவாம்மான்னு கேட்டான். டாக்டர் கஞ்சிதான் குடுக்கச் சொல்லிருக்காரு, வீட்டுக்கு வா, பண்ணித் தாரேன்னேன். எள்ளுத் தொவையலும் வேணும்னான். சரின்னேன். மறுபடி மறுபடி கேட்டுக்கிட்டே இருந்தான் கலா. ரெண்டு ராத்திரியா எனக்கும் தூக்கமில்ல. ‘பேசாம படுல’ன்னு அதட்டிட்டேன். படுத்தான். அப்புறம் பேசவே இல்ல.”

சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக வராத அழுகையெல்லாம் அன்றைக்கு வந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இதையா இத்தனை நாள் தேடினாள்? வராமலே போயிருக்கக்கூடாதா என்று என் மனம் அடித்துக்கொண்டது.

அழுது ஓய்ந்ததும் எழுந்து முகத்தைக் கழுவி, என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. பூண்டு உரித்தாள், தேங்காய் துருவினாள், எள் வறுத்தாள், உப்பைக் கையாலேயே அளந்து போட்டாள். சிபி படத்துக்கு முன்னால் இலையைப் போட்டு, அந்த வலது ஓரத்தில் மட்டும் உளுந்தஞ்சோறும் துவையலும் வைத்தாள். மற்ற இடமெல்லாம் வெறும் இலை. ஆபீஸிலிருந்து வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மதினி மாத்திரையை எடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

“இது மறுபடியும் போனாலும் போயிரும் கலா. போச்சுன்னா நீதான் எனக்குச் சொல்லணும்.”

“சொல்லுதேன் மதினி. உளுந்தஞ்சோறு, எள்ளுத் தொவையல்.”

“நான் அதட்டுனதயும் சேத்துச் சொல்லு.”

“அது எதுக்கு மதினி?”

“அதுதான நான் அவங்கிட்ட கடைசியாப் பேசுனது” என்றாள்.