கன்னியம்மா திருத்திய பாடம்

செங்கல்பட்டுக்கும் திருப்போரூருக்கும் நடுவில் இருந்த ஒரு நர்சிங் காலேஜில் கம்யூனிட்டி ஹெல்த் டியூட்டராகச் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனவள் நான். நர்சிங் படிக்கிற பிள்ளைகள் இருளர் மக்களைப் பற்றிப் படிப்பதற்கு ஒரு பாடம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதை நான் எப்படித் தப்பாக ஆரம்பித்தேன் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1. காலியான கட்டில்

பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் போஸ்ட்நேட்டல் வார்டில் ஸ்டூடண்ட்ஸை வைத்துக்கொண்டு காலை ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருந்தேன். ஆறாம் நம்பர் கட்டில் காலி. முந்தைய நாள் பிரசவமான இருளர் பெண், தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குழந்தை ரெண்டு கிலோகூட இல்லை.

"எப்பவும் இப்டித்தான் மேடம். சொல்லாமகொள்ளாம போயிடுவாங்க" என்றார் வார்டு சிஸ்டர்.

கேஸ் ஷீட்டில் என் ஸ்டூடண்ட் 'அப்ஸ்கான்டட், நாட் கோஆபரேட்டிவ்' என்று எழுதினாள்; அதாவது ஓடிவிட்டாள், ஒத்துழைக்கவில்லை. நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

குழந்தையின் எடை மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் பஸ் பிடித்து ஏரிக்கரைக்குப் பின்னால் இருந்த அவர்கள் குடியிருப்புக்குப் போனேன். மொத்தம் பதினைந்து வீடு. அந்தப் பெண், குழந்தையை வெறும் மார்போடு அணைத்து, மேலே புடவையைச் சுற்றி உட்கார்ந்திருந்தாள். எடை குறைந்த குழந்தையை அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுப்போம். ஆனால் குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றேன்.

பக்கத்தில் நின்றிருந்த அவளுடைய நாத்தனார்தான் கன்னியம்மா. முப்பத்தைந்து வயசு இருக்கும். சவுக்குத் தோப்பில் மரம் வெட்டும் வேலை. அந்தப் பதினைந்து வீட்டுக்கும் ரேஷன் கார்டு, மனு என்று எதுவானாலும் ஆபீஸ்களுக்குப் போய்ப் பேசுவது அவள்தான்.

"வர்றோம் நர்சம்மா. ஆனா எங்க படுக்க வைப்ப, அத்த சொல்லு."

"ஆறாம் நம்பர் கட்டில் அவங்களுக்குத்தானே கொடுத்திருந்தோம்?"

"கட்டிலா? அத்த இவ கண்ணால பாத்ததே இல்ல. நாத்தம் அடிக்குதுன்னு பக்கத்து பெட்டு சொல்லிச்சாம். பாத்ரூம் பக்கம் பாய போட்டுட்டாங்க. பச்ச ஒடம்புக்காரி, ஈரத்துல எம்மா நேரம் குந்திக்கினு இருப்பா?"

நானே கூட்டிக்கொண்டு வந்து கட்டிலில் படுக்க வைத்தேன். குழந்தையை மஞ்சள் காமாலைக்கான லைட்டுக்குக் கீழே வைத்தார்கள். நாலு நாளில் மஞ்சள் இறங்கிவிட்டது. டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்தப் பெண் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

2. பதினொரு பக்கம்

அடுத்த வருஷம் பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டார். "நம்ம ஏரியாவுல இருளர் மக்கள் நிறைய பேர் இருக்காங்க. நம்ம சிலபஸ்ல அவங்களப் பத்தி ஒரு வரிகூட இல்ல. ஒரு யூனிட் தயார் பண்ணுங்க, நீங்கதான் லீட்" என்றார்.

லைப்ரரியில் உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினேன். மூடநம்பிக்கை, சுத்தக் குறைவு, சத்துக்குறைவு, ஆஸ்பத்திரிக்கு வரத் தயக்கம் என்று எல்லாவற்றுக்கும் தலைப்புப் போட்டிருந்தேன். மேடம் பாராட்டினார். சம்பந்தப்பட்டவர்களுக்கும் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று கன்னியம்மாவிடம் எடுத்துப் போனேன். அங்கன்வாடிக் கட்டடத்தில் அவளோடு நாலு பெண்கள் உட்கார்ந்தார்கள். நான் வாசித்தேன்.

முடித்ததும் கன்னியம்மா கேட்டாள்: "இது எங்கள பத்தி. உங்கள பத்தி எங்க கீது?"

"எங்களப் பத்தியா?"

"ஆமா. எங்கள எங்க படுக்க வச்சீங்க, இன்னா பேரு வச்சு கூப்டீங்க, அத்த எழுது. ஆஸ்பத்திரியில என்னய பாம்புக்காரின்னு கூப்புடுறாங்க. இருளருன்னா எல்லாரும் பாம்பு புடிக்கிறவங்கன்னு நெனப்பு. நான் பாம்ப கண்டா பத்தடி தள்ளி ஓடுறவ."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பதினொரு பக்கத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை.

மறுபடி எழுத எட்டு மாசம் ஆனது. இந்தத் தடவை அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குடியிருப்புக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் வரக்கூடாது. போட்டோ எடுக்கக்கூடாது. கேட்காமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது. எழுதினதைக் கிளம்புவதற்கு முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். பச்சிலை வைத்தியத்தையும் பாடத்தில் சேர்க்கலாமா என்று கேட்டேன். தங்களுக்குள் பேசிவிட்டு வேண்டாம் என்றார்கள். "அது எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள் கன்னியம்மா. விட்டுவிட்டேன்.

பெரிய சண்டை மார்க்கில்தான் வந்தது. இன்டர்னல் மார்க் இருபத்தைந்தில் பத்து மார்க் அந்தக் குடியிருப்புப் பெண்கள் போட வேண்டும் என்று நான் கேட்டேன். கமிட்டியில் ஒரு சீனியர் புரொபசர் பேனாவை மூடி வைத்தார். "சர்டிபிகேட் இல்லாதவங்க பி.எஸ்சி. ஸ்டூடண்டுக்கு மார்க் போடுறதா?"

"சார், நர்ஸ் தன்கிட்ட எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு பேஷண்டுக்குத்தானே தெரியும்" என்றேன்.

ரெண்டு மீட்டிங் இழுத்தது. கடைசியில் பிரின்சிபால் மேடம், "ஒரு வருஷம் பண்ணிப் பாக்கலாம். பிரச்சினை வந்தா நிறுத்திடுவேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

3. ரேவதி

இதில் நான் செய்த இன்னொரு தப்பையும் மறைக்கக் கூடாது. இந்தப் பாடம் படித்த முதல் பேட்சில் ரேவதி என்ற பெண் இருந்தாள். மாமல்லபுரம் பக்கத்திலிருந்து வந்தவள். அட்மிஷன் பைலில் அவள் இருளர் என்று பார்த்திருந்தேன். முதல் வகுப்பில் அவளை எழுப்பிப் பேச வைத்தால் எல்லாருக்கும் பெருமையாக இருக்கும் என்று நினைத்து, முந்தின நாள் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "ஹாஸ்டல்ல யாருக்கும் தெரியாது மேடம். நான் நர்ஸாகணும்னுதான் இங்க வந்தேன். உங்க கிளாஸுக்குப் பாடமா இருக்க வரல."

கேட்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று பாடத்தில் எழுதிவிட்டு நானே அதைத்தான் செய்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

முதல் பீல்டு விசிட்டிலேயே பிரச்சினை வந்தது. வகுப்பில் எப்போதும் முதல் மார்க் வாங்கும் பெண்ணுக்குக் கன்னியம்மா சைபர் போட்டுவிட்டாள். அந்த ஸ்டூடண்ட் கேட்காமல் ஒரு வீட்டுக்குள் போய், என்ன சமைத்திருக்கிறார்கள் என்று சட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் ஓவென்று அழுதாள். அப்பா சிறுசேரியிலிருந்து ஆபீஸ் ஐடி கார்டு கழுத்தில் தொங்க நேராகக் காலேஜுக்கு வந்துவிட்டார். "மரம் வெட்டுற பொம்பள என் பொண்ணுக்கு மார்க் போடுவாளா?"

தன் ரூமில் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்திருந்த பிரின்சிபால் மேடம் என்னைப் பார்த்தார். இதோடு நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

கன்னியம்மாவுக்குப் போன் போட்டேன். "அழுவுதா?" என்று கேட்டாள். "சட்டியில ஒண்ணுமில்லன்னு அது பாத்துச்சு பாரு, அந்த வூட்டுக்காரி அதுக்கும் மேல அழுதா. மார்க்கு இன்னா மார்க்கு? மறுபடி வரச் சொல்லு. வாசல்ல நின்னு கூப்புடட்டும்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க போங்க. நான் திரும்பப் போய்ட்டு வரேன்" என்றாள்.

சனிக்கிழமை ரெண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அதே வீட்டு வாசலில் நின்று, "அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அவள் வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். கால் மணி நேரம் கழித்து அந்த அம்மா வெளியே வந்து, "இன்னிக்கி வேணாம், அடுத்த வாரம் வா" என்று சொல்லிவிட்டுப் போனார். இவளும் சரிக்கா என்று திரும்பிவிட்டாள். கன்னியம்மா பத்துக்கு எட்டு மார்க் போட்டாள்.

"உள்ளயே போகலையே, எட்டு மார்க்கா?" என்று கேட்டேன்.

"வேணாம்னு சொன்னதுக்கு கோச்சிக்காம போச்சு பாரு. அதுக்குத்தான்."

திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பெண் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவள் உட்கார்ந்ததும் பின் பெஞ்சிலிருந்து ரேவதி எழுந்தாள். நான் கூப்பிடவில்லை. "எங்க வூட்டுக்கும் இப்டித்தான் மேடம், கேக்காம வருவாங்க" என்று ஆரம்பித்தாள். பெல் அடித்த பிறகும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

பாடம் நின்றுபோகவில்லை. ரேவதி புதுப்பட்டினம் பக்கம் கொஞ்ச வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, எம்.எஸ்சி. முடித்து, அதே காலேஜில் டியூட்டராகச் சேர்ந்தாள். நான் ரிட்டயர் ஆனதும் அந்த யூனிட் அவள் பொறுப்புக்குப் போனது. போன வருஷம் பாடத்தைத் திருத்தும் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். நான் ஆசை ஆசையாக எழுதிய ரெண்டு பக்க முன்னுரை முழுசும் சிவப்பு இங்க்கில் அடிக்கப்பட்டிருந்தது.

"ஏம்மா இதை எடுத்துட்ட?"

"அதுல இருக்கறதெல்லாம் உங்க வருத்தம் மேடம். புள்ளைங்களுக்கு வேலைதான் தெரியணும். அந்த ரெண்டு பக்கத்துல எங்க ஆளுங்க வேற ஒண்ணு எழுதணும்னு சொல்றாங்க."

முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். ஒரு பாடத்துக்கு லீட் என்று பேர் போட்டுக்கொண்டால், நம் எழுத்தை அடிக்கிற உரிமை யாருக்கு இருக்கிறதோ அவர்கள் கைக்குப் பேனா போய்ச் சேருகிற வரைக்கும்தான் நம் வேலை. எனக்கு அது முடிந்திருந்தது. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டு, லேசான மனசோடு திரும்பி நடந்தேன்.