இரண்டு ரப்பர் பேண்ட் போட்ட டப்பா

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டு தடவை' என்று பெயர். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு இரண்டு ரப்பர் பேண்ட் போடுவார். எதுக்கு என்றால், ஒன்று அறுந்துபோனால் என்ன செய்வாய் என்று நம்மையே திருப்பிக் கேட்பார். இத்தனை வருடத்தில் ஒன்றுகூட அறுந்து நான் பார்த்ததில்லை.

வேலையும் அவருக்கேற்ற வேலைதான். பள்ளிப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதி வாங்கிய படிவங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரே படிவத்தை அவரும் நானும் தனித்தனியாக ஏற்றுவோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கட்டம் திரையில் சிவப்பாகும். போதாததற்கு, இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் அதே கேள்விகளை மறுபடியும் கேட்டு வாங்குவார்கள். பதின்வயதுக்காரர்கள் ஒரே பேச்சில் நிற்கிறார்களா என்று பார்க்கத்தான். சிவப்பு வந்தால் தப்பு எப்போதும் என்னுடையதாகவே இருக்கும். எட்டு வருடமாக இதே கதை. எரிச்சல் வராமல் இருக்குமா?

அதனால் ஒரு செவ்வாய்க்கிழமை, சிவப்பான கட்டத்தின் படிவத்தை எடுத்துப் பார்த்து, தப்பு அவருடையது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. 'வீட்டிலிருந்து நீ கொண்டுவந்த சாப்பாட்டை, போன வாரம் பள்ளியில் எத்தனை நாள் சாப்பிட்டாய்?' என்பது கேள்வி. படிவத்தில் குண்டாக ஒரு பூஜ்யம். அவர் போட்டிருந்தது ஐந்து.

"அண்ணே, மாட்டினீங்களா! ட்ரீட் எப்போ?"

அவர் சிரிக்கவில்லை. "அது என் பொண்ணு எழுத்தும்மா," என்றார்.

படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் மகளின் எழுத்து அப்பாவுக்குத் தெரியாதா? அவர் மனைவிக்கு விடியற்காலை ஷிஃப்ட். மகளுக்கும் தனக்கும் சமைத்து டப்பா கட்டுவது இவர்தான், ஆறு வருடமாக.

"டப்பா தினமும் காலியாத்தான் வருது. இவ பூஜ்யம்னு எழுதியிருக்கா. அப்போ எங்கே கொண்டுபோய்க் கொட்டுறா? புது யூனிஃபார்ம் வேற தொளதொளன்னு தொங்குது. இளைச்சுப் போறாளோன்னு பயமா இருக்கும்மா."

ஐந்து என்று அவர் வேண்டுமென்றே போடவில்லை. பூஜ்யத்தைக் கண் பார்த்தது, விரல் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"அவகிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?"

"எப்படிம்மா கேக்கறது? 'வீட்டில் யாருக்கும் காட்ட மாட்டோம்'னு நாமதானே மேலே அச்சடிச்சுக் குடுத்திருக்கோம். அதை நம்பித்தானே எழுதியிருக்கா."

அன்று மதியம் அவர் தன் டப்பாவின் ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றவில்லை. அவரைக் கிண்டல் செய்த வாயை என்ன சொல்ல?

அவர் மகளின் வகுப்புப் படிவங்களை மொத்தமாக எடுத்து மேஜையில் பரப்பினேன். முப்பத்தாறு பிள்ளைகள், இருபத்தொன்பது பூஜ்யம். இன்னும் ஏற்றாமல் கட்டோடு கிடந்த இரண்டாம் சுற்றையும் பிரித்தேன். அதிலும் அதே இருபத்தொன்பது. தூக்கிக்கொண்டு ஆராய்ச்சி மேடத்தின் அறைக்கு ஓடினேன்.

"மேடம், ஒரு வகுப்பே பட்டினி கிடக்குமா?"

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ரெண்டு சுற்றும் அச்சு அசலா ஒத்துப்போகுது. நம்ம கேள்வித்தாளுக்கு மெடலே குடுக்கலாம். ஆனா ஒரே பதிலை ரெண்டு தடவை சொன்னா அது உண்மைன்னு ஆயிடுமா? நாளைக்கு மதியம் நீயே போய்க் கண்ணால பாத்துட்டு வா."

மறுநாள் அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன். மணி அடித்ததுதான் தாமதம், டப்பாக்கள் எல்லாம் முன் மேஜையில் குவிந்தன. ஆளாளுக்குக் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பக்கத்தில் உட்கார்ந்த இரட்டைச் சடைக்காரி வாய் நிறைய மென்றுகொண்டே எனக்கு விளக்கினாள்.

"சொந்த டப்பாவை எடுத்தா அவுட் ஆன்ட்டி. அதைத்தான் வீட்லயே தின்னுக்கலாமே!"

"அப்போ படிவத்துல பூஜ்யம்னு எழுதினது?"

"நீ கொண்டுவந்ததைச் சாப்பிட்டியான்னுதானே கேட்டீங்க? நான் எங்கே சாப்பிட்டேன்? மத்தவங்கதான் சாப்பிட்டாங்க."

பொய் சொன்னது ஒருவருமில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டது நாங்கள்தான்.

குவியலில் ஒரு டப்பாவுக்கு மட்டும் இரண்டு ரப்பர் பேண்ட். நான்கு கைகள் ஒரே நேரத்தில் அதன்மேல் பாய்ந்தன. நான் பேனா மூடியைத் திறப்பதற்குள் உள்ளே இருந்த முட்டையும் கேரட்டும் காணாமல் போயின. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை. மென்றுகொண்டிருந்த வாய்களை மட்டும் எண்ணினேன். முப்பத்தாறு. இன்னொரு தடவையும் எண்ணினேன், பக்கத்து நாற்காலியின் பழக்கதோஷம்.

திரும்பி வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயரும் எண்ணும் சொல்லவில்லை. ரப்பர் பேண்டைப் பற்றிச் சொன்னேன். அது படிவத்தில் இல்லாத சங்கதி, விதியில் வராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

"எல்லாரும் சாப்பிடறாங்களா?"

"சாப்பிடாத வாயே இல்லண்ணே. ரெண்டு தடவை எண்ணினேன்."

"அப்போ அந்த யூனிஃபார்ம்?"

"எந்த அளவுக்குத் தைக்கச் சொன்னீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு வருஷத்துக்கு வரட்டும்னு பெருசா..." என்று இழுத்தவர், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நீளமாக மூச்சுவிட்டார். நேற்றிலிருந்து அடைத்துவைத்திருந்த மூச்சு. எனக்கும் அப்போதுதான் நெஞ்சு லேசானது.

பிறகு அந்தப் படிவத்தைத் திரையில் திறந்து, ஐந்தை அழித்துவிட்டு நிதானமாகப் பூஜ்யம் போட்டார். சிவப்பு மறைந்தது. தன் டப்பாவின் ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"நாலு கையா பாஞ்சுது?"

"ஆமாண்ணே, நாலு."

ஒரு வாய் சாப்பிட்டார். மறுபடியும் திரும்பினார்.

"நாலா?"