இருபத்திரண்டு பாட்டில்

நான் அப்ரெண்டிஸாகச் சேர்ந்துவிட்டேன் என்று அப்பா சொன்னதும், துபாயில், ஜெபல் அலியில் அவரோடு வேலை பார்க்கும் நண்பர், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குங்க வெல்டிங்?" என்று கேட்டாராம். அதை அப்பா வீட்டில் வந்து சிரிக்காமல் சொன்னார். அப்ரெண்டிஸ் என்றாலே பட்டறை வேலைதானோ என்ற அதே சந்தேகம் அவருக்கும் உண்டு என்பது எனக்குத் தெரியும். வாரத்தில் நாலு நாள் ஆபீஸ், ஒரு நாள் வகுப்பு, கடைசியில் மார்க்கெட்டிங் டிகிரி, ஃபீஸ் முழுக்கக் கம்பெனி கட்டும் என்று நூறு தடவை விளக்கிவிட்டேன். சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் செய்து விற்கிற பெரிய கம்பெனி. ஆறு மாதம் கழித்து ஒரு தேர்வு உண்டு. தேறினால் தொடரலாம். இல்லையென்றால் திருச்சியில் சித்தப்பா வீட்டில் தங்கி இன்ஜினியரிங் படிக்க வேண்டும். எனக்கு அது வேப்பங்காய்.

தேர்வு என்றால் பரீட்சை அல்ல. ஆளுக்கு ஒரு கடை, ஒரு பொருள், ஒரு மாதம். விற்பனையைக் கூட்டி, மாதம் முடிந்ததும் அந்தக் கணக்கை ஆபீசில் எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். எனக்கு வந்தது எலுமிச்சை வாசனையுள்ள பாத்திரம் கழுவும் லிக்விட். கடை, பர் துபாயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கீழக்கரைக்காரர் ஒருவர் நடத்தும் மளிகைக் கடை. பாட்டில்களை சோப்பு அலமாரியிலிருந்து எடுத்து, தேங்காய்க் கூடைக்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில் அடுக்கச் சொன்னேன். சமைக்கிற கைதானே கழுவவும் செய்கிறது என்பது என் கண்டுபிடிப்பு. கடைக்கார பாய் தலையைச் சொறிந்தார். ஆனாலும் அடுக்கினார்.

மாதக் கடைசியில் முப்பத்தொரு பாட்டில் விற்றிருந்தது. மற்ற அப்ரெண்டிஸ்களுக்கு எட்டு, ஒன்பதைத் தாண்டவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் அறிவுரை சொல்லத் தொடங்கிவிட்டேன். இப்போது நினைத்தால் என்னையே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, அலமாரியைப் படம் எடுக்கக் கடைக்குப் போனேன்.

"தங்கச்சி, வீட்டுல எதும் விசேஷமா?" என்றார் பாய்.

"ஏன் பாய்?"

"அம்மா மட்டும் இருபத்திரண்டு எடுத்துட்டுப் போயிருக்காங்களே. எதுக்குன்னே தெரியாம அப்பாதான் ட்ராலில தள்ளிட்டுப் போனாரு."

வீட்டுக்கு ஓடினேன். என் கட்டிலுக்கு அடியில், பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால், மஞ்சள் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"நீ ஃபெயிலாயிட்டா திருச்சிக்கு அனுப்பிடுவார்ல உங்கப்பா. நீ இல்லாம நான் இங்க என்ன பண்ணுவேன்?"

கோபத்தில் கத்த வாயெடுத்தவள், அந்த ஒரு வார்த்தையில் அடங்கிப் போனேன். "அதுல ஒரு தட்டாவது கழுவிப் பாத்தியா?" என்று கேட்டேன்.

அம்மா மாவையே பார்த்தாள். "கழுவினேன். பிடிக்கல. உன் கம்பெனியாச்சேன்னுதான் சொல்லல."

இரண்டு நாள் யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் என் மேலாளரிடம் பொய் சொல்ல எனக்கு தைரியம் கிடையாது. அவர் லெபனானைச் சேர்ந்த பெண்மணி. எல்லாவற்றையும் அரபியில் 'யல்லா, கிளம்பு' என்று தொடங்கி 'கலாஸ், முடிந்தது' என்று முடிப்பவர். தேர்வன்று முப்பத்தொன்றைத் திரையில் காட்டிவிட்டு, "இதில் இருபத்திரண்டு என் அம்மா வாங்கியவை. அவருக்கு இது பிடிக்கவும் இல்லை" என்றேன். அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

"ஏன் பிடிக்கவில்லை?"

அதை நான் கேட்கவே இல்லை. ஆறு மாதம் வாடிக்கையாளர், வாடிக்கையாளர் என்று படித்தவள், அடுப்படியில் நின்றவளிடம் ஏன் என்று கேட்கவில்லை.

"யல்லா, அவரைக் கூட்டிக்கொண்டு வா. அதற்குப் பிறகு உன் முடிவைச் சொல்கிறேன்" என்றார்.

மறுவாரம் அம்மா பட்டுப்புடவையில் ஆபீசுக்கு வந்தாள். வாடிக்கையாளர்களைப் பேசவைக்க அங்கே ஓர் அறை உண்டு. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு வெளியே நிற்பவர்கள் தெரிய மாட்டார்கள்; உள்ளே பேசுவது ஸ்பீக்கரில் வெளியே கேட்கும். நானும் மேலாளரும் வெளியே நின்றோம், அம்மா தமிழில் பேசுவதை நான் ஆங்கிலத்தில் சொல்வதற்காக. தமிழ் தெரிந்த மலையாளி அக்கா ஒருவர் உள்ளே அம்மாவிடம் லிக்விட் எப்படி என்று கேட்டார்.

"சூப்பர்! ரொம்ப நல்லா இருக்கு. எம் பொண்ணு இங்கதான் வேலை பாக்கறா. அவளும் ரொம்ப நல்லா வேலை செய்வா."

எனக்கு உயிரே போய்விட்டது. மேலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போய் அவரிடம் பேசு" என்று கதவைக் காட்டினார்.

உள்ளே போனதும் அம்மா, சரியாகத்தானே சொன்னேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உள்ளத உள்ளபடி சொன்னாத்தான் நான் பாஸ்."

"நெஜமாவா?"

"சத்தியமா."

அம்மா கைப்பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். "அப்ப மூடியிலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா?" என்றாள்.

நாற்பது நிமிடம் பேசினாள். ஈரக் கையால் மூடியைத் திறக்க முடியவில்லை. பால் பாத்திரத்தில் எலுமிச்சை வாசம் போகாமல், காய்ச்சும்போது பால் திரிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. குக்கரில் ஒட்டிய சாதத்துக்கு இது லாயக்கில்லை. நான் மறுபடி கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். மேலாளர் பக்கம் பக்கமாக எழுதினார்.

"ஜூன், ஜூலைல இந்த ஊர்ல குழாயைத் திறந்தா கொதிக்கிற தண்ணிதான் வரும். அதுல இதையும் போட்டுக் கழுவினா கை எரியும். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டுப் படுப்பேன்" என்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள் அம்மா.

அதை மட்டும் நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. இத்தனை வருடமாக அவள் கழுவி வைத்த தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கையை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன்.

மேலாளர் என் தோளில் கை வைத்தார். "நீ தேறிவிட்டாய், கலாஸ்" என்றார். "இப்போது சொல், கையைப் பற்றி அம்மா என்ன சொன்னார்?"