இடது பின்சக்கரத்து வாசனை

கமலவேணி அக்கா எந்த வண்டியையும் கையால் தொடுவதற்கு முன் அதன் மேல் ஏறி உட்காருவார். நான்கு மூலைகளிலும் முறையே உட்கார்ந்து, உடம்பை ஒரு முறை தூக்கிக் கீழே விட்டு, வண்டி எப்படி ஆடி அடங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கவனிப்பார். ஒரே ஆட்டத்தில் நின்றுவிட்டால் ஷாக் அப்சர்பர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஆடிக்கொண்டே இருந்தால், "இது வண்டியில்ல, தொட்டிலு" என்று தீர்ப்புச் சொல்லி இறங்குவார். அடுத்து ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குனிந்து முகர்ந்து பார்ப்பார். கருகிய பிரேக் லைனிங்கையும், கசிந்த பிரேக் ஆயிலையும், கியர் ஆயிலையும் டிரம்மைக் கழற்றாமலே வாசனையால் பிரித்துச் சொல்லிவிடுவார். தவளக்குப்பம் சந்திப்பை ஒட்டிய அவருடைய பட்டறைக்கு முறையான பெயர்ப்பலகை உண்டு. ஆயினும் ஓட்டுநர்கள் 'மூக்குக் கடை' என்றே சொல்கிறார்கள். அவர் அதற்காக வருத்தப்பட்டதில்லை; இருந்த மூக்குத்தியைக் கொடுத்துவிட்டு இன்னும் பெரியதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அவருடைய தந்தை பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய பிறகு குடும்பத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது. கமலவேணி சேதராப்பட்டில், வாகனங்களுக்கு ரப்பர் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். பழுதான மூடிகளையும், இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் செருகும் புஷ்களையும் பொறுக்கித் தள்ளுவதே அவருடைய வேலை. தன் கை வழியாகப் போகும் ரப்பர் துண்டுகள் வண்டியில் எங்கே போய் உட்காருகின்றன என்று பார்க்க ஆசைப்பட்டு, விடுமுறை நாட்களில் கணவர் வேம்புவின் ஆட்டோவைப் பிரித்தார். பிரித்ததை மறுபடி மாட்டும்போதெல்லாம் சில திருகுகள் மிஞ்சின. ஆட்டோ ஓடாததால் வேம்பு பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதுவும் மிஞ்சவில்லை. மறுமாதமே கமலவேணி வேலையை விட்டுவிட்டுப் பட்டறை போட்டார்.

என்னுடையது ஒரு குட்டி யானை. வாழைத்தார் ஏற்றுகிற சிறிய சரக்கு வண்டி. மாசி மகத்தன்று எங்கள் ஊர் அங்காளம்மனை வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எடுத்துச் செல்லும் பேறு அந்த ஆண்டு என் வண்டிக்குக் கிடைத்தது. நான் முன்கூட்டியே அதைக் கமலவேணி அக்காவிடம் விட்டேன். அவர் நான்கு மூலைகளிலும் உட்கார்ந்து பார்த்தார்.

"அம்மனுக்கு மேல்பாரம் ஜாஸ்தி, வெற்றி. பீடம், தோரணம், பூவு, எல்லாம் ஒசரத்துல நிக்கும். ஸ்பிரிங் பட்டை ஒண்ணு கூட்டிப் போடுறேன். புஷ்ஷும் மாத்திடலாம். பிரேக்கு ஷூ புதுசு. அம்மன் வண்டியில போறமா, கோயில்லயே இருக்கமான்னு அவளுக்கே தெரியக் கூடாது."

அவ்வாறே செய்தார். வேலைக்குரிய பில்லை நான் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

மாசி மகத்தன்று அரியாங்குப்பம் வரையில் அம்மன் அசையவில்லை. நகருக்குள் நுழைந்ததும், வேறோர் ஊர்ச் சாமியை ஏற்றிக்கொண்டு முன்னால் சென்ற டிராக்டர் சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நேராக நிற்காமல் வலப்பக்கம் இழுத்தது. அம்மன் இடப்பக்கம் சாய்ந்தாள், கிரீடம் நழுவியது. பூசாரி பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

விழாக்குழுத் தலைவர் கோவிந்தசாமி அய்யா வண்டியின் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சாமிய தலகுப்புறத் தள்ளப் பாத்தியேடா! பிரேக்கு பாக்காத வண்டியையா கொண்டாந்த?"

"பாத்துட்டுத்தாங்க கொண்டாந்தேன். இதோ பில்லு" என்று கோப்பைத் திறந்து நீட்டினேன். அவர் அதை வாங்கி மூடி, முகத்துக்கு விசிறிக்கொண்டார். அன்று வெயில் கடுமையாக இருந்தது.

"கடற்கரை வரைக்கும் உருட்டிக்கிட்டு வா. திரும்பிப் போறதுக்கு வேற டிராக்டர் பேசிக்கிறோம். நீ காலி வண்டிய ஓட்டிக்கிட்டு வீடு போய்ச் சேரு."

அம்மனை ஏற்றிப் போன வண்டி காலியாகத் திரும்புவதை ஊர் பார்த்துவிட்டால், பிறகு அதில் ஒரு வாழைத்தார்கூட யாரும் ஏற்றமாட்டார்கள். இது என்னைவிடக் கோவிந்தசாமி அய்யாவுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மனைப் பந்தலில் இறக்கியதும் கமலவேணி அக்காவுக்குப் போன் செய்தேன். கருவிப் பெட்டியையும் புதிய பிரேக் ஷூ ஒரு செட்டையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளின் நிழலில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினோம். அவர் சக்கரங்களை வரிசையாக முகர்ந்துகொண்டே வந்தார். இடது பின்சக்கரத்தில் நின்றார். மறுபடியும் முகர்ந்தார். டிரம்மைக் கழற்றி, லைனிங்கில் விரலைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"மாமா, கொஞ்சம் இங்க வாங்க. இத மோந்து பாருங்க."

"ஏம்மா, நான் என்ன போலீஸ் நாயா?" என்றார் கோவிந்தசாமி அய்யா.

"அட, மோந்துதான் பாருங்களேன். நல்லெண்ணெ. சந்தனம். கொஞ்சம் பன்னீரு. எந்தக் கம்பெனி பிரேக் ஆயில்ல இது மூணும் வருது?"

அவர் குனிந்து முகர்ந்தார். காலையில் நேரமாகிவிட்டது என்று, அம்மனை வண்டியில் ஏற்றிக் கட்டிய பிறகே அபிஷேகம் செய்யச் சொன்னவர் அவர்தான். எண்ணெய்க் குடத்தைப் பிடித்ததும் அவர்தான். வண்டி அப்போது வாய்க்கால் ஓரமாக இடப்பக்கம் சரிந்து நின்றிருந்தது. வண்டித் தளத்தின் மூலையிலிருந்த துளை வழியாக எண்ணெய் இறங்கி அந்தச் சக்கரத்தின் மேல் வடிந்திருக்கிறது. மற்றச் சக்கரங்கள் பிடித்தபோது அது மட்டும் வழுக்கியது.

"அப்ப என் குத்தம்னு சொல்ற?"

"பாதி ஒங்களுது. டிரம்முக்குப் பின்னாடி தகட்டுல, பிரேக்க அட்ஜஸ்ட் பண்றதுக்கு ஒரு ஓட்டை இருக்குது பாருங்க. அதுக்கு ரப்பர் மூடி உண்டு. மூடி இருந்தா எண்ணெ உள்ள போயிருக்காது. இப்ப மூடிய காணும். வெற்றி, பில்லுல மூடி எழுதியிருக்கனா பாரு."

"எழுதியிருக்கீங்கக்கா."

அவர் கருவிப் பெட்டியைக் கவிழ்த்தார். ஸ்பேனர்களுக்கு அடியிலிருந்து சட்டைப் பொத்தான் அளவுள்ள கறுப்பு மூடி ஒன்று மணலில் உருண்டது. அவர் அதை எடுத்து, கூடியிருந்த எங்கள் ஊர்க்காரர் அனைவருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"வருஷக்கணக்கா மூடி பொறுக்குனவ நானு. ஒரு மூடிய போட மறந்துட்டேன். எண்ணெ ஊத்துனது நீங்க, மூடி போடாதது நான். நடுவுல ஒண்ணுமே பண்ணாதவன் இவன் ஒருத்தன்தான். அவனப் புடிச்சித் திட்டுறீங்க!"

பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற ஒரு பெண், "ஏ, இந்தப் பொம்பள தராசு புடிச்சா ஒரு மத்தி மீனு கூடக் கொறைய வராது போலருக்குதே!" என்றார். கூட்டம் சிரித்தது. கோவிந்தசாமி அய்யாவும் சிரித்தார். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

"அதெல்லாம் சரிம்மா. நீ சரி பண்ணிட்டேன்னு சொன்னா, அம்மனை நம்பி ஏத்த முடியுமா?"

"ஏத்தாதீங்க. மொதல்ல நீங்க ஏறுங்க."

ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஷூ மாற்றினால் வண்டி மறுபடியும் ஒரு பக்கம் இழுக்கும் என்று, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் புதியவற்றை மாட்டினார். டிரம்மைப் பெட்ரோலால் துடைத்து, எண்ணெயின் மினுக்கம் போகும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்தினார். பிறகு பித்தளைக் குடம் ஒன்றில் கடல்நீரை விளிம்பு வரை நிரப்பி வண்டியில் வைத்தார். கோவிந்தசாமி அய்யா ஓட்டுநர் அறைச் சுவரில் சாய்ந்து, பின்பக்கம் பார்த்தவாறு, குடத்தைக் கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு சம்மணமிட்டார்.

"பக்கத்துல சிந்துனா வண்டி இன்னும் இழுக்குதுன்னு அர்த்தம் மாமா. நேரா சிந்துனா நல்லாருக்குதுன்னு அர்த்தம்."

"நேரான்னா எங்கம்மா?"

"போய்ட்டு வாங்க, தெரியும்."

கடற்கரைச் சாலையின் ஓரத்தில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு பகுதியில் வேகமெடுத்து, பிரேக்கை முழுதாக மிதித்தேன். வண்டி கோடு கிழித்ததுபோல் நின்றது. பின்னாலிருந்து ஓர் அலறல் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். குடம் பாதியாகியிருந்தது. தளத்தின் இரு ஓரங்களும் காய்ந்து கிடந்தன. கோவிந்தசாமி அய்யா மார்பிலிருந்து வேட்டி வரை நனைந்திருந்தார்.

திரும்பி வந்ததும் அவர் அந்தக் கோலத்திலேயே கூட்டத்தின் நடுவில் போய் நின்றார்.

"நல்லாப் பாத்துக்குங்க. அத்தனையும் நேரா எம் மேலதான் ஊத்துச்சு. பக்கத்துல ஒரு சொட்டு இல்ல. ஆத்தா எனக்கே அபிஷேகம் பண்ணிட்டா. டிராக்டர்காரனுக்கு வேணாம்னு சொல்லிடுங்க. அம்மன் வெற்றி வண்டியிலேயே வரட்டும்!"

தீர்த்தவாரி முடிந்து மாலையில் புறப்பட்டோம். கமலவேணி அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியில் எத்தனையோ இடங்களில் நிறுத்த நேர்ந்தது, கிரீடம் அசையவில்லை. ஊர் எல்லையில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். சக்கரங்களில் ஊற்றுவதற்குக் குடங்களில் மஞ்சள் தண்ணீரும் வைத்திருந்தார்கள்.

"நில்லுங்க, நில்லுங்க! யாரும் ஊத்தாதீங்க!" என்று கமலவேணி அக்கா கதவைத் திறந்துகொண்டு குதித்தார், செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் ஊர்ந்துபோனார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அம்மன் காத்திருந்தாள். உப்புப் பூத்த வேட்டியோடு கோவிந்தசாமி அய்யாவும் காத்திருந்தார்.

இடது பின்சக்கரத்தின் பக்கமிருந்து குரல் வந்தது:

"மூடி இருக்குது. இப்ப ஊத்துங்க!"