பச்சை நிறத்தில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம்

சென்ற சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒரு கேக் படம் அச்சடித்தோம். சிவப்பு ரோஜா, மஞ்சள் ஐசிங், நீலத் தட்டு. யாருக்கும் பிறந்தநாள் இல்லை. அதற்கு முந்திய சனிக்கிழமையும் இதே கேக்கைத்தான் அச்சடித்தோம்.

"ஒங்களுக்குப் பைத்தியமா?" என்று என் மனைவி புஷ்பம் கேட்பதில்லை. கேட்கும் உரிமையை அவள் இழந்துவிட்டாள். எப்படி என்று சொல்கிறேன்…

டோஹாவில் வேலை செய்யும் என் மச்சான் – புஷ்பத்தின் தம்பி – லீவில் வந்தபோது ஒரு போட்டோ ப்ரிண்டர் கொண்டுவந்தார். வந்த அன்றே குடும்பப் படம் இரண்டு அடித்தோம். அவர் தனியாக நின்ற படம் பாதி வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் இடி உறுமியது. இடி கேட்டால் புஷ்பம் என்ன செய்வாள்? நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான். ஓடிப்போய் வீட்டிலுள்ள அத்தனை ப்ளக்கையும் பிடுங்கிவிட்டாள். டீவி, ஃப்ரிட்ஜ், ப்ரிண்டர் – பாரபட்சம் கிடையாது. படத்தில் மச்சான் மூக்கோடு நின்றுபோனார்.

அதன் பிறகு யாரும் ப்ளக்கை மாட்டவில்லை. "மை தீந்துடுங்க. நல்ல நாள் பெரிய நாளுக்கு வச்சிருப்போம்" என்றாள். நானும் பெரிய பொருளாதார நிபுணர் மாதிரி தலையாட்டினேன்.

நம் வீடுகளில் நல்ல பொருள் என்றால் தொடாத பொருள் என்று அர்த்தம். பூப்போட்ட கோப்பைகள் விருந்தாளிக்கு. புது பெட்ஷீட் விருந்தாளிக்கு. அந்த விருந்தாளி யார், எந்த பஸ்ஸில் வருகிறார் என்று இதுவரை யாராவது விசாரித்ததுண்டா?

அதற்காக ப்ரிண்டரைக் கவனிக்காமல் விட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே பின்னல் துணி. வெள்ளிக்கிழமை தோறும் தூசு தட்டல். ஆயுத பூசைக்கு மூடியின் மேல் சந்தனம், குங்குமம். கோயில் யானைக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. பதினொரு மாதம் இப்படியே போனது.

பிறகு யோகம் வந்தாள்.

யோகம் நான் அதிபராக இருக்கும் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவி. ரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவர்களுடைய லயத்து வீட்டு வரிசையில் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள். திங்கட்கிழமை காலை கொழும்பில் கிளார்க் வேலைக்கு அவளுக்கு இன்டர்வியூ. அதற்குள் ஐடென்டிட்டி கார்டை பஸ்ஸில் தொலைத்துவிட்டாள். இந்த யுத்த காலத்தில், ஐடென்டிட்டி கார்டு இல்லாத ஒரு தமிழ்ப் பெண் கொழும்புக்குப் போவதென்றால்… உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை மாத்தளை டவுனில் அவளைக் கண்டேன். பொலிஸில் முறைப்பாடு எழுதிக்கொடுத்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"போட்டோ ஒட்டிக் கொண்டுவந்தா கார்டுக்குப் பதிலா கடிதம் தாரேன்னு கிராம சேவகர் சொன்னாருங்க சேர். பன்னெண்டு மணி வரைக்கும்தான் ஆபீஸ்ல இருப்பாராம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். நல்லதொரு ஸ்டூடியோ பத்து அடி தூரத்தில் திறந்திருந்தது. ஆனால் வாய் இருக்கிறதே!

"ஸ்டூடியோ எதுக்கு? வா வீட்டுக்கு. ரெண்டே நிமிஷம்" என்றேன்.

சேர் சொன்னால் பிள்ளை மறுக்குமா? வந்தாள். டிஜிட்டல் கெமராவில் படம் எடுத்தேன். பின்னல் துணியை விலக்கி, ப்ளக்கை மாட்டி, பட்டனை அமத்தினேன். ப்ரிண்டர் இருமியது. முனகியது. வெள்ளைத் தாள் ஒன்றை அப்படியே துப்பியது.

மை அடைப்பை எடுக்க ஹெட் கிளீனிங் என்று ஒரு வசதி இருக்கிறது. கொடுத்தேன். கோடு கோடாக வந்தது. மறுபடி கொடுத்தேன். பதினொரு மாதம் நாங்கள் பொத்திப் பொத்திச் சேமித்த மையை அது அரை மணித்தியாலத்தில் குடித்து முடித்தது. கடைசியில் யோகம் வந்தாள் – பச்சையாக. உள்ளேயிருந்து சிவப்பு ஒரு துளிகூட இறங்கவில்லை. அந்த ப்ரிண்டரில் சிவப்பாக இருந்தது மூடியின் மேல் வைத்த குங்குமம் மட்டும்தான்.

"லேசா பவுடர் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் புஷ்பம். ஆறுதல் சொல்கிறாளாம்.

யோகம் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால் பஸ்ஸை விட்டால் கிராம சேவகர் போய்விடுவார். ஸ்டூடியோவுக்கு நேரமில்லை. இருப்பதில் பச்சை குறைந்த படத்தை எடுத்துக்கொண்டு, "பரவாயில்லீங்க சேர், மூஞ்சி தெரியுதுதானே" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கிராம சேவகர் நல்ல மனிதர். படத்தைப் பார்த்துவிட்டு, "மே நங்கிட்ட அசனீபத?" என்று சிங்களத்தில் கேட்டாராம். இந்தத் தங்கைச்சிக்குச் சுகமில்லையா என்று. கேட்டாலும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலை கொழும்பு ரோட்டில் ஒரு செக்பொயின்ட். கடிதத்தை வாங்கிய சிப்பாய் படத்தைப் பார்த்தான், இவளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். இறங்கச் சொன்னான். பஸ் போய்விட்டது. அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மாத்தளைப் பொலிஸுக்குப் பேசி, அவர்கள் புத்தகத்தைப் புரட்டி, பதில் வரும்போது பகல் ஒரு மணி. இன்டர்வியூ பத்து மணிக்கு.

பெயரைப் பார்த்தாலே இறக்கிவிடத் தயாராக நிற்பவனுக்கு, நான் ஒரு காரணத்தையும் கலரில் அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

அடுத்த வாரம் ப்ரிண்டரைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் திருத்தும் நிஸ்தார் நானாவிடம் போனேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அடிச்சிக்கிட்டு இருக்கக்குள்ள ப்ளக்கைப் புடுங்கினீங்களா மாஸ்டர்? மொதல்ல பட்டனை அமத்தணும். அப்பதான் மை அடிக்கிற ஹெட் போய் அது மூடிக்குள்ள ஒக்காரும். இது நடுவுல திறந்து கெடந்து காஞ்சி போயிருக்கு. கிழமைக்கு ஒரு கலர் படம் சரி அடிங்க. இது வேல செஞ்சாத்தான் உசிரோட இருக்கும்."

ஹெட்டைக் கழுவி, புது மை போட்டுத் தந்தார். அதுதான் இந்தச் சனிக்கிழமை கேக். எல்லா நிறமும் அதில் இருக்கிறது. இப்போது இடி உறுமினால் புஷ்பம் முதலில் பட்டனை அமத்துகிறாள், லைட் அணையும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், பிறகுதான் ப்ளக். ப்ரிண்டருக்கு நல்ல காலம்.

யோகத்துக்கு? அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. எனக்கு அது இன்னும் வலிக்கிறது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பது அதைவிட வலிக்கிறது.

நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்திருந்தாள். கண்டியில் வேறொரு வேலைக்கு விண்ணப்பிக்கிறாளாம். படம் ஒட்டவேண்டும், பள்ளிக்கூட அதிபர் அதை உறுதிப்படுத்தவேண்டும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒக்காரு, ஒக்காரு. இப்ப ப்ரிண்டர் பிரமாதமா வேலை செய்யுது. கெமராவைக் கொண்டாறேன்" என்று எழுந்தேன்.

யோகம் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்தாள். டவுன் ஸ்டூடியோவின் கவர்.

"எடுத்துட்டேனுங்க சேர். பின்னால ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க."

போட்டேன். படத்தில் யோகம் நல்ல மாநிறம்.