பெற்றீசியாவைக் கூப்பிடாத பிள்ளைக்காம்பரா

டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை மலையடியில் இருக்கும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். எந்தப் பிள்ளையாவது அடங்காமல் அழுதால், அங்கே பார்த்துக்கொள்ளும் ராசம்மா வாசலுக்கு வந்து தாயின் பெயரைச் சொல்லிக் கூவுவாள். அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவாள். கங்காணி முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும், பிள்ளை பெற்றவளுக்குத்தானே தெரியும்.

பெற்றீசியாவை மட்டும் ராசம்மா கூப்பிட்டதே இல்லை. அவள் மகன் கிஷாந்த் போட்ட இடத்தில் கிடப்பான். பக்கத்து நிரையில் பறிக்கும் நாங்கள் அவளைக் கொடுத்து வைத்தவள் என்போம். பெரிய பொறாமை, போங்கள்.

கிஷாந்துக்குப் பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைவு. பிறந்தவுடன் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்திலேயே அது தெரிந்துவிட்டது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். பெற்றீசியா வீட்டில் இருந்தவரை அதில் பிசகவில்லை. பிள்ளையும் லயத்து வீடுகளெல்லாம் அதிர அழுதான், கொழுகொழுவென்று வளர்ந்தான்.

ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். விடிந்ததும், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு ஓடிப்போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையை எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. பொடித்த மாத்திரையை ராசம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். ராசம்மா நல்ல மனசுக்காரி. வெறும் பொடியைப் பிள்ளை துப்பிவிடுமே என்று சோயா கலந்த சத்துமாக் கஞ்சியில் கரைத்து ஊட்டினாள். ஒருநாளும் மறக்கவில்லை. அதுதான் கொடுமை.

வந்த புதிதில் அவன் அழுதால் ராசம்மாவே தூக்கி ஆற்றிவிடுவாள்; பிறகு பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனான். இடம் பழகிவிட்டதென்று எல்லோரும் நினைத்தோம். மாதங்கள் போயும் பழைய சட்டையே அளவாக இருந்தபோதுதான், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள் பெற்றீசியா. அவள் புருஷன் மைக்கல், வளர்ச்சிக்கு ஹார்மோன் ஊசி இருக்கிறதாம், அதைப் போட்டுவிடுவோம் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரத்தத்தைச் சோதித்துவிட்டு, மாத்திரையை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று விசாரித்தார். கஞ்சிக் கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்தார்.

"ஊசியெல்லாம் வேணாங்க. தைராய்டு கொறஞ்சா வளர்ச்சி ஹார்மோனும் கூடவே கொறஞ்சிரும். சோயா இந்த மருந்த ஒடம்புல சேர விடாது. மாத்திர சரியா சேர்ந்தா வளர்ச்சி தானா வரும்."

பெற்றீசியா கேட்டது ஒன்றுதான். "மூளைக்கு ஏதும் ஆயிருக்குமாங்க?"

டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது, பிள்ளை சுறுசுறுப்பாகிறானா என்று பார்ப்போம் என்றார்.

பெற்றீசியா ராசம்மாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மறுநாளிலிருந்து மைக்கல் பிள்ளையை எழுப்பி உட்கார்த்திக்கொள்ள, அவள் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் புகட்டிவிட்டுப் பெரட்டுக்கு ஓடினாள். மலையில் ஏறினால், கை கொழுந்தில், காது கீழே. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சில வாரம் கழித்து ஒருநாள், பனி விலகும் நேரத்தில் கீழேயிருந்து ஓர் அழுகை வந்தது. நாங்கள் எல்லோரும் நிமிர்ந்தோம். தன் பிள்ளையின் குரல் அவளவளுக்குத் தெரியும். அது எங்கள் யாருடையதும் இல்லை.

ராசம்மா வாசலுக்கு வந்தாள்.

"ஏய் பெற்றீசியா! ஒம் மகன வந்து தூக்குடி, காது கிழியுது!"

அவள் கூடையை இறக்கி வைக்கவும் மறந்துபோனாள். பறித்த கொழுந்தெல்லாம் வழி நெடுகச் சிந்த, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இறங்கி ஓடினாள். கங்காணி அன்றைக்கு முகம் சுளிக்கவில்லை.