மாதங்கியின் கேமரா வண்டி

பிக்கப்பின் பின்பக்க மூலையில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, உடம்பின் கனம் முழுவதையும் போட்டு அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொள்கிறாள் மாதங்கி. வண்டி எழும்பி, தாழ்ந்து, அடங்குகிறது. முகத்தைச் சுளிக்கிறாள். மறுமூலைக்குப் போய் அதையே செய்கிறாள். அங்கே அடங்குவது வேறு மாதிரி இருக்கிறது. அல்லது அப்படித் தோன்றுகிறது. டாலிகஞ்ச் ஸ்டூடியோ வாசலில் டீ குடிக்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. தீதி, அதாவது அக்கா, வண்டிக்கு மசாஜ் செய்கிறாள் என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

நாற்பத்தாறு வயது. மூன்று தலைமுறைக்கு முன் கும்பகோணத்திலிருந்து உத்தியோகத்துக்காக இங்கே வங்காளத்துக்கு வந்த குடும்பம். அப்பா வங்கி அதிகாரி, அண்ணா வங்கி அதிகாரி, இவளும் வங்கி அதிகாரியாகத்தான் இருந்தாள். விட்டுவிட்டுச் சினிமாக்காரர்களுக்குக் கேமரா வண்டி ஓட்ட வந்தபோது வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. வண்டியின் பின்தட்டில் ஓர் இரும்புச் சட்டம், அதற்குள் ஓர் இருக்கை. கேமராக்காரர் அதில் பின்பக்கம் பார்த்துப் பெல்ட்டால் தன்னைக் கட்டிக்கொண்டு உட்காருவார். கதாநாயகனின் மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு வரும். அதற்கு முன்னால் அதே வேகத்தில் இவள் ஓட்ட வேண்டும். அதற்கென்றே இழுவை அதிகமுள்ள வண்டியாகப் பார்த்து எடுத்தாள். வேகத்தில் குறையே கிடையாது. குறையெல்லாம் ஆட்டத்தில்.

ஆட்களிடம் வங்காளி, வண்டியிடம் தமிழ். "இப்ப என்ன வேணும் ஒனக்கு, சொல்லித் தொலையேன்" என்று அதன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து கேட்பாள். ஹார்ன் அடிப்பது அவளுக்குக் கூச்சம். கரியாஹாட் கடைத்தெரு முனையில் பை தூக்கிய கூட்டம் தானாக விலகும்வரை பொறுமையாக நின்றுகொண்டிருப்பாள். அத்தனை பெரிய எஞ்சின் அவள் காலடியில் முனகிக்கொண்டிருக்கும்.

போன குளிர்காலத்தில் நடந்தது அவளைக் குழப்பிவிட்டது. பின்சக்கரங்களுக்கு மேலே வில் மாதிரி வளைந்த பட்டைகள் அடுக்காக இருக்கும். அவை விறைப்பாக இருந்ததால் படம் குலுங்கியது. மாதங்கி ஒரு பட்டையைக் கழற்றச் சொன்னாள். படம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. யூனிட்டே பாராட்டியது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ராஜர்ஹாட் பக்கம் ஒரு வளைவில் வண்டி ஒருபுறம் சாய்ந்து, நிமிர்ந்த வேகத்தில் மறுபுறமும் சாய்ந்தது. பெல்ட் தாங்கிவிட்டது. ஆனால் கேமராக்காரர் அனிர்பானின் தோள் இரும்புச் சட்டத்தில் மோதிக் காறை எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அனிர்பான் அவளைக் குறை சொல்லவில்லை. ஷாட் நன்றாக வந்திருக்கிறது என்றார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

அதற்குப்பிறகுதான் வண்டியைச் சரிசெய்யத் தொடங்கினாள். மெக்கானிக் தருண்தா கனமான பட்டைகளாகப் போட்டார். கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வைத்த புது ஷாக் அப்சார்பர்கள் வந்தன. சாயாமல் பிடித்துக்கொள்ள ஒரு தடித்த இரும்புத் தண்டு அச்சோடு சேர்ந்தது. வளைவில் வண்டி அறைந்துவைத்த மாதிரி நின்றது. ஆனால் டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது சோதனைக்காகப் பின்தட்டில் கட்டிவைத்த செல்போனில் படம் எகிறியது. திருகைத் தளர்த்தினால் படம் அடங்கியது. பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு தரையைப் பார்த்துக் குத்தியது. டயரில் காற்றைக் குறைத்தால் ஸ்டியரிங் சோம்பல் பிடித்தது. "ஏக்டு தேக்கி, தீதி" என்பார் தருண்தா. கொஞ்சம் பார்ப்போம் என்று அர்த்தம். பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அவருக்கும் பிடிபடவில்லை என்பதை மறைக்கத் தெரியாத மனிதர்.

கணவர் சௌந்தரராஜன் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் பெட்டிகளின் ஸ்பிரிங் சம்பந்தப்பட்ட எஞ்சினியர். அவர் யோசனைப்படி பின்தட்டில் மணல் மூட்டை ஏற்றினாள். குலுக்கல் நின்றது. வண்டியும் கிட்டத்தட்ட நின்றது. அன்றிரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவரே ஒத்துக்கொண்டார்.

"ரயில் பொட்டின்னா தண்டவாளம் திருப்பற எடத்துல திரும்பும். உன் வண்டி உன் இஷ்டத்துக்குத் திரும்பறது. எனக்கு இது புரியலை, மாது."

"எனக்கு மட்டும் புரியறதாக்கும்? ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு போறது. அன்னிக்குத் தப்பு வண்டியோடதா, நான் வேகமாத் திருப்பினதா? அதுவே தெரியலையே."

அவர் ரசத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

தோள் குணமாகி அனிர்பான் திரும்பி வந்தார். வேறு படம், ஆனால் அதே வளைவு. அவள் வண்டிதான் வேண்டும் என்று கேட்டுவாங்கியிருந்தார். போலீஸ் தடுப்பு போட்ட சாலையில், காலை வெயில் ஏறும் நேரத்தில், கேமராவைச் சட்டத்தில் பூட்டியபடி, இப்போது வண்டி சரியாகிவிட்டதா என்று வங்காளியில் கேட்டார்.

மாதங்கி வாயில் தமிழ் வந்துவிட்டது.

"தெரியலைப்பா."

தமிழ் தெரியாத அனிர்பான் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பின்தட்டில் ஏறக் காலைத் தூக்கினார். காயம்பட்ட பக்கத்துக் கையை இன்னும் முழுதாக ஊன்றவில்லை.

மாதங்கி அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். ஒரு நிமிஷம் என்று வங்காளியில் சொன்னாள். முன்னால் போய், வண்டியோடு வந்திருந்த தருண்தாவிடம் சாவியை நீட்டினாள். அந்த வண்டியை இதுவரை அவளைத் தவிர யாரும் படப்பிடிப்பில் ஓட்டியதில்லை. அவர் உடனே வாங்கவில்லை. வளைவை விபத்து நடந்த அன்றைய வேகத்தில் எடுக்க வேண்டும், பின்னால் தான் உட்கார்ந்திருப்பதை நினைத்துக் குறைக்கக்கூடாது என்று அவள் சொன்னபிறகு வாங்கிக்கொண்டார்.

டயரில் கால்வைத்துப் பின்தட்டில் ஏறினாள். இருக்கை அவளுக்குப் பெரிதாக இருந்தது. பெல்ட்டை மார்புக்குக் குறுக்கே இழுத்து மாட்டி, ஒருமுறை சுண்டிப் பார்த்தாள். சாலை பின்பக்கமாக நீண்டு கிடந்தது; வண்டிக்கு முன்னால் வரப்போகிற வளைவு அங்கிருந்து தெரியாது. சட்டத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டாள். மறுகையைத் தலைக்குப் பின்னால் நீட்டி, கிளம்பலாம் என்பதற்குக் கேமராக்காரர்கள் செய்வதுபோல, கேபினின் கூரையை இருமுறை தட்டினாள்.